துரை கேட்காத கேள்வி

1907, பிப்ரவரி 4

இன்று கவர்னர் மாளிகைக்குச் சிராங்கூன் ரோட்டுப் பால்காரர்கள் பன்னிரண்டு பேர் வந்தார்கள், மாலையும் எலுமிச்சம்பழமுமாக. கவர்னர் துரை எப்போதும்போல ரெண்டே வாக்கியம்: வந்ததில் மகிழ்ச்சி, சட்டத்துக்கு அடங்கி நடக்கவும். அதைத் தமிழில் சொல்லத் துபாஷி நாகூர் கனி, அதாவது நான். நானும் எப்போதும்போல முன்னால் ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். "இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறீர்கள், சாப்பிட்டீர்களா என்று துரை கேட்கிறார்."

அவர்கள் தலைவர் சேதுபதிக்குக் கண் கலங்கிவிட்டது. "சாப்பிட்டோம்னு சொல்லுங்க, பாய்." நன்றி சொல்கிறார்கள் என்று துரையிடம் சொன்னேன்.

பதினொரு வருஷமாக இதே பொய்.

பிப்ரவரி 5

ஏன் செய்கிறேன்? நாகப்பட்டினத்துக் கப்பலில் வந்து இறங்கிய வருஷம்தான் ஞாபகம் வருகிறது. பத்தொன்பது வயது. பேர் கேட்டார்கள், ஊர் கேட்டார்கள், பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். சாப்பிட்டியா என்று ஒருத்தன் கேட்கவில்லை. அம்மா தினமும் கேட்டபோது எரிந்து விழுந்தவன் நான். இங்கே வந்து அந்த ஒரு வார்த்தைக்கு எப்படி ஏங்கினேன்.

பிப்ரவரி 19

மாளிகைக்குப் புதுச் செயலாளர் வந்திருக்கிறார். மதராஸில் இருந்தவராம், தமிழ்ப் பரீட்சை தேறியவராம். இனி நான் சேர்ப்பது அவருக்குப் புரியும்.

மார்ச் 2

நேற்று படகுக்காரர்கள் வந்தபோது செயலாளர் ஓரமாக நின்று கேட்டிருக்கிறார். இன்று அறைக்குக் கூப்பிட்டார். "கவர்னர் கூறுவதை மட்டும் கூறும். ஒரு சொல் மிகுந்தாலும் உமக்கு வேலை இல்லை." சுத்தமான ஏட்டுத் தமிழ்.

வீட்டில் சம்சுன்னிசாவிடம் சொன்னேன். "வாயை வச்சிக்கிட்டு சும்மா இருங்க. இந்த வேலை போனா, நாம சாப்பிட்டோமான்னு எந்தத் துரை கேப்பாரு?" என்றாள். என் பெண்டாட்டி பேச்சில் நியாயம் இருக்கும், அதுதான் கஷ்டம்.

மார்ச் 16

துறைமுகத்து நிலக்கரிக் கூலிகள் வந்தார்கள். செயலாளர் என் பக்கத்திலேயே நின்றார். துரையின் ரெண்டு வாக்கியத்தை அப்படியே சொல்லி முடித்தேன். அவர்கள் நகரவில்லை. முன்னால் நின்ற கிழவர் என் வாயையே பார்த்தார். "வேற ஒண்ணும் கேக்கலையா, பாய்? பால்காரங்ககிட்ட கேட்டாராமே."

நான் என்ன செய்ய? கேட்டாரு பெரியவரே, சாப்பிட்டீங்களான்னு கேக்குறாருன்னு சொல்லிட்டேன். சொல்லும்போதே தெரியும், வேலை போச்சுன்னு.

மார்ச் 17

போயிற்று.

ஆகஸ்ட் 11

அஞ்சு மாசமாக வீட்டு வாசலில் மேஜை போட்டு மனு எழுதிக் கொடுக்கிறேன். இன்று மத்தியானம் நிமிர்ந்தால் சேதுபதியும் அவர் ஆட்களும், அதே பன்னிரண்டு பேர், நிற்கிறார்கள். நேரே மாளிகையிலிருந்து வருகிறார்களாம்.

"செயலாளரே தமிழ்ல சொல்லிட்டாரு, பாய். எல்லாம் புரிஞ்சுது."

"அப்புறம் என்ன?"

"துரை என்ன சொன்னாருன்னு நீங்க ஒரு தரம் சொல்லணும்."

அப்போ இவங்களுக்குத் தெரியுமா? எத்தனை வருஷமா? கேட்கத் தோன்றவில்லை. எழுந்து, மாளிகையில் நிற்பதுபோலவே நின்றேன்.

"இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறீர்கள். சாப்பிட்டீர்களா என்று துரை கேட்கிறார்."

சேதுபதி என் வீட்டில் இதுவரை ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. "இல்லைன்னு சொல்லுங்க, பாய்" என்றார்.

பதினொரு வருஷத்தில் யாரும் சொல்லாத பதில்.

"துரைக்கென்ன, கேட்டுட்டுப் போயிடுவாரு" என்று உள்ளேயிருந்து சம்சுன்னிசா முணுமுணுத்தாள். ஆனால் பானையில் அரிசி விழும் சத்தம் அதற்குள் கேட்டுவிட்டது.