உன் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், லோகா

என் லோகாவுக்கு,

உன் உயிர் போய்க்கொண்டிருந்த நேரத்தில் நான் உன்னைத் தூங்குமூஞ்சி என்று திட்டினேன். கடையில் நாலு பேர் கேட்க, சுவரில் மாட்டிய காமிராப் பெட்டி வழியாகத் திட்டினேன். நீ தூங்குகிறாய் என்று அந்தத் தெருவுக்கே சொன்னவள் நான். அதனால்தான் உன்னை யாரும் எழுப்பவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். சுற்றி வளைத்து எழுதுகிற படிப்பு எனக்குக் கிடையாது என்று உனக்குத் தெரியும். துணிக்கட்டுச் சுற்றிவந்த செய்தித்தாளில் எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான்.

இதைப் பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன். படிக்கிறவர்களுக்கு நீ யாரென்று தெரியவேண்டும். நீ என் வீட்டுக்காரரின் தங்கை, என் நாத்தனார். அவரும் போய், உன் புருஷனும் போன பிறகு நாம் இரண்டு பேரும் இரண்டு கடை வைத்தோம். திருச்சானூரில் தாயார் கோயில் பக்கத்தில் நான், காணிப்பாக்கத்தில் பிள்ளையார் கோயில் பக்கத்தில் நீ. நகரித் துண்டு, வேட்டி, நூல்சேலை. நாத்தனாரும் அண்ணியும் சேர்ந்து நடத்துகிற கடை ஆறு மாதம் தாங்காது என்றார்கள். பதினெட்டு வருஷம் தாங்கியது.

அதில் முதல் பதினேழு வருஷமும் புதன்கிழமை தவறாமல் நான் பஸ் ஏறி உன் கடைக்கு வந்தேன். தூக்குச்சட்டியில் களி, வேர்க்கடலைச் சட்டினி, புளிச்சகீரைக் கடையல். கதவை ஒருக்களித்துவிட்டு, வேட்டிக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிடுவோம். உனக்கு அங்கே வலிக்கிறது, இங்கே இழுக்கிறது என்று நீ சொல்வதெல்லாம் அந்த ஒரு வேளைச் சாப்பாட்டில்தான். முழங்கால் வலி, பல்லு வலி, உன் மகள் மஞ்சுளாவுக்கு வரன் தகையாத வலி. கடைசி வருஷம் நெஞ்சு வலியும் சொல்லியிருப்பாய். நான்தான் வரவில்லையே.

ஏன் வரவில்லை? என் மகன் சரவணன் இரண்டு கடைக்கும் காமிரா மாட்டினான். "இன்னாத்துக்கும்மா இந்த வயசுல பஸ்ல இடிபட்டுக்கினு போறே? போன்லயே அத்தைய பாரு. பட்டனை அமுக்கினா நீ பேசறதும் அங்க கேக்கும்" என்றான். நல்லதுக்குத்தான் செய்தான். நல்லதுக்குச் செய்கிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம் அதிகமாக வருகிறது.

முதலில் கடையைத்தான் பார்த்தேன். கூட்டம் இருக்கிறதா, எந்தத் துண்டு போகிறது என்று. பிறகு உன்னைப் பார்க்க ஆரம்பித்தேன். நீ எப்போது கதவைத் திறக்கிறாய், எத்தனை தரம் எழுந்து போகிறாய், எதிர்த்த தேங்காய்க் கடை முனிரத்தினத்தோடு எவ்வளவு நேரம் பேசுகிறாய். காமிரா மேலே இருந்தது. உன் முகம் தெரியாது. உச்சந்தலையும், வகிடும், வகிட்டுப் பக்கத்தில் முடி கொட்டிப்போன அந்த இடமும்தான் தெரியும். பதினோரு மாதம் அதைத்தான் பார்த்தேன். தினமும் பார்க்கிறோமே, புதன்கிழமை எதற்கு என்று பஸ்ஸை நிறுத்தினேன்.

ஒரு நாள் மத்தியானம் நீ அண்ணாந்து பார்த்து, ஐந்து விரலையும் குவித்து வாய்க்கு நேராகக் கொண்டுபோய், சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்டாய். பார்த்தேன். ஒரு பட்டனை அழுத்தி, சாப்பிட்டேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாட்ஸாப்பில் யாரோ பார்டர் கலர் கேட்டிருந்தார்கள். அதற்குப் போய்விட்டேன்.

இன்னொரு நாள் நீ காமிராவின் மேல் துண்டைப் போட்டு மூடினாய். நான் போன் போட்டேன்.

"இன்னா லோகா, படம் ஒண்ணும் தெரியல?"

"சாப்புட்றேன் அண்ணி. நான் துன்றதையும் நீ பாக்கணுமா?"

"ஒண்ணும் இல்லாதவ எதுக்கு மூடணும்?"

நீ போனை வைத்தாய். ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி, துண்டை எடுத்தாய். அதிலிருந்து என்னோடு உனக்குப் பேச்சு குறைந்துபோனது. காமிராவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டாய். உன்னைச் சந்தேகப்பட்டேனா? இல்லை என்று ஆயிரம் தரம் சொல்லிப் பார்த்துவிட்டேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததுதானே.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டரை மணி இருக்கும். போனைத் திறந்தேன். நீ மேசைமேல் கையை மடக்கி, அதன்மேல் தலையைச் சாய்த்திருந்தாய். பெங்களூர்ப் பக்கத்துப் பக்தர்கள் போல நாலு பேர் கடை வாசலில் நின்றார்கள். எனக்குச் சுருக்கென்று வந்தது. பட்டனை அழுத்தினேன்.

"ஏய் லோகா! தூங்கினு கீறியா? கிராக்கி வந்து நிக்குது, தூங்குமூஞ்சி! ராத்திரி தூங்காம இன்னா பண்ணே?"

அவர்கள் அண்ணாந்து பெட்டியைப் பார்த்தார்கள். ஒருத்தி சிரித்தாள். அவர்கள் பேசியது எனக்குக் கேட்கவில்லை. என் கடையில் ஆள் இருக்கிறார்கள் என்று சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தேன். அங்கே பேச மட்டும் வைத்துக்கொண்டிருந்தேன், கேட்க வைத்துக்கொள்ளவில்லை. அவர்கள் போய்விட்டார்கள். உன்மேல் இன்னும் கோபம். அப்போது நகரியிலிருந்து தணிகாசலம் வீடியோ கால் போட்டான். பவர்லூம் வைத்திருக்கிறானே, நமக்கு வேட்டி போடுகிறவன். ஒவ்வொரு பார்டராக விரித்துக் காட்டினான். அரக்கு வேண்டும் என்றேன், அவன் காட்டியது போனில் சிவப்பாகத் தெரிந்தது. அது அரக்கா சிவப்பா என்று இருபது நிமிஷம் சண்டை போட்டோம்.

அவன் வைத்த பிறகு உன்னைத் திறந்தேன். அதே கை, அதே தலை. நெட்டு நின்றுவிட்டது, படம் அப்படியே உறைந்திருக்கிறது என்று நினைத்தேன். அடிக்கடி அப்படி ஆகும். மூடித் திறந்தேன். திரும்பவும் அதே. மூடித் திறந்தேன். அப்போதுதான் வாசலில் கட்டித் தொங்கவிட்ட துண்டுகளைப் பார்த்தேன். காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. படம் நிற்கவில்லை, லோகா.

உனக்குப் போன் போட்டேன். உன் தலைக்குப் பக்கத்திலேயே உன் போன் வெளிச்சம் போட்டு, போட்டு, அடங்கியதை இங்கிருந்து பார்த்தேன். முனிரத்தினத்துக்குப் போட்டேன். அவன் தெருவைத் தாண்டி ஓடிவந்ததை, உன் தோளைத் தொட்டதை, நீ ஒரு பக்கமாகச் சரிந்ததை எல்லாம் பார்த்தேன். இங்கே என் கையில் ஒருத்தர் வாங்கின துண்டு இருந்தது. அதைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். பழக்கம்.

சித்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர், அரைமணி நேரம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார். அந்த அரைமணி எங்கே போனது என்று எனக்குத் தெரியும். அரக்குக்கும் சிவப்புக்கும் நடுவில் போனது.

அதைவிட என்னைக் குத்தியது முனிரத்தினம் சொன்னதுதான். உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் இலை எடுத்துக்கொண்டிருந்தபோது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தெலுங்குக்காரன், நம்மோடு பேசிப் பேசித் தமிழ் கற்றவன்.

"பெத்தம்மா, அன்னிக்கி நான் லோகம்மாக்கு டீ எடுத்துக்கினு போனேன். உள்ள கால் வெச்சேன், உன் கொந்து, உன் கொரலு, பொட்டியில கேட்டுச்சி. தூங்கினு கீறியான்னு. அந்த பெங்களூரு அம்மா கூட, பாவம் பண்டுகோனீ, லேபொத்து, தூங்கட்டும் எழுப்பாதன்னாங்க. நீ சொல்றியேன்னு நானும் டீயை வெச்சிட்டு, மேல அட்டைய மூடிட்டு வந்துட்டேன் பெத்தம்மா. நான் தொட்டு எழுப்பியிருக்கணும். என் தப்பு."

அவன் அழுதான். நான் அழவில்லை. நான் கத்தாமல் இருந்திருந்தால் அவன் உன்னைத் தொட்டு எழுப்பியிருப்பான். தினமும் அப்படித்தானே, தோளைத் தட்டித்தானே டீ கொடுப்பான்? எனக்குத் தெரியாதா? நான்தான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேனே.

உன்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. அதையும் எழுதாமல் விட்டால் நான் நானில்லை. நெஞ்சு வலிக்கிறது என்று ஒரு வார்த்தை போனில் சொல்ல உனக்கு என்ன கேடு? கேட்டால்தான் சொல்வாயா? அப்படி என்ன ரோஷம், அண்ணியிடம்?

இப்போது இங்கே நடப்பதைச் சொல்கிறேன். உன் கடை பூட்டிக் கிடக்கிறது. பூட்டிய கடையையும் நாற்பது நாள் போனில் பார்த்தேன் என்றால் நம்புவாயா? உள்ளே இருட்டு. மேசை தெரியும். கல்லாவுக்குப் பக்கத்தில் டீ டம்ளர். யாரும் எடுக்கவில்லை. கிராக்கி இல்லாத நேரமெல்லாம் கட்டைவிரல் தானாகப் போய் அதைத் திறந்தது. சரவணன் என் போனில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினான். ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் போன் பார்க்கிறேனாம். அதில் நாலு மணி காமிரா. ஒரு வாரத்துக்கு ஒரு வேளைச் சாப்பாட்டு நேரம் உனக்குக் கொடுக்க முடியாதவள், ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் உன் மேசையைப் பார்த்தேன்.

திருப்பதியில் வியாபாரிகள் கூட்டத்தில் ஒரு தம்பி வந்து, போன் பார்ப்பதை எப்படிக் குறைப்பது என்று வகுப்பெடுத்தான். போனை வேறு ரூமில் வையுங்கள் என்றான். என் கடை எட்டடி, தம்பி, வேறு ரூமுக்கு எங்கே போவது என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கலரை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையாக வைத்தால் ஆசை குறையும் என்றான். துணி விற்கிறவளிடம் சொல்கிறான். என்னவோ, வீட்டுக்கு வந்து அந்தப் போனைச் சரவணனிடம் கொடுத்துவிட்டேன். இப்போது என்னிடம் பட்டன் போன். பேசலாம், படம் வராது.

வியாபாரம் குறைந்திருக்கிறது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வாட்ஸாப்பில் சேலை கேட்டவர்கள் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள். தணிகாசலம் முணுமுணுக்கிறான். "போட்டோ அனுப்பினா பாக்க மாட்டேன்றே பெரியம்மா. இந்த வெயில்ல நான் மூட்டைய தூக்கிக்கினு ரயிலேறி வரணுமா?" என்கிறான். "வாடா. அரக்கு எது சிவப்பு எதுன்னு வெளிச்சத்துல பாக்கலாம். வந்தா களி போடறேன்" என்றேன். போன வாரம் வந்தான். அரக்குதான், லோகா. அவன் சொன்னதுதான் சரி.

சரவணன் இப்போது உன் கடையைத் திறக்கவேண்டும் என்கிறான். சம்பளத்துக்கு ஆள் பார்த்துவிட்டானாம். காமிராவை மாற்றிப் புதிதாக, முகமும் தெரிகிற மாதிரி மாட்டப்போகிறானாம். "அத்தைக்கு ஆனது வேறம்மா. அதுக்கும் காமிராவுக்கும் இன்னா சம்பந்தம்? மஞ்சுளா கிட்ட நீ ஒண்ணும் உளறி வெக்காதே. அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்கன்னு அது நிம்மதியா கீது" என்கிறான்.

உன் மகள் ஸ்ரீசிட்டியில் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். "அத்தே, அம்மா கடைசியா உன்கிட்டதானே பேசியிருப்பாங்க? இன்னா சொன்னாங்க?" என்று ஐந்து மாதமாகக் கேட்கிறாள். நீ ஒன்றும் சொல்லவில்லை, நான்தான் பேசினேன் என்று எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. வேலை இருக்கிறது கண்ணு என்று வைத்துவிடுகிறேன். அவளுடைய நிம்மதிக்காக மறைக்கிறேன் என்றால் நீயே சிரிப்பாய். ஒன்றும் இல்லாதவள் எதற்கு மூடவேண்டும்?

ஆகவே ஆகவேண்டியதை எழுதுகிறேன். காணிப்பாக்கத்துக் காமிராவையும் திருச்சானூர்க் காமிராவையும் சரவணன் தன் கையாலேயே ஏணி போட்டுக் கழற்றவேண்டும். மாட்டியவன் அவன். கடைக்கு வைக்கிற ஆளை, நம்பினால் வைக்கட்டும், நம்பாவிட்டால் வைக்கவேண்டாம். தணிகாசலம் மாதத்துக்கு ஒரு தரம் துணியை நேரில் கொண்டுவரவேண்டும், முணுமுணுத்துக்கொண்டே வரட்டும். முனிரத்தினம் இனி யாரிடமும் என் தப்பு என்று சொல்லக்கூடாது. அது அவனுடையது இல்லை, அவன் எடுத்துக்கொள்ள எனக்குச் சம்மதமில்லை. அந்த டீ டம்ளரை மட்டும் அவன் கழுவக்கூடாது. நான் வந்து கழுவுகிறேன்.

மஞ்சுளாவுக்குச் சொல்லவேண்டியவள் நான். இந்தக் கடிதம் அச்சில் வருவதற்கு முன்னால், நேரில், என் வாயால். வருகிற புதன்கிழமை அவளை லீவு போட்டு வரச் சொல்லியிருக்கிறேன். முதல் பஸ்ஸில் களி கட்டிக்கொண்டு நான் உன் கடைக்கு வந்துவிடுவேன். வேட்டிக் கட்டுகளுக்கு நடுவில் நாம் உட்காரும் இடத்தில் அவளை உட்காரவைத்து, முதலில் சாப்பிட வைப்பேன், பிறகு எல்லாவற்றையும் சொல்வேன். அரக்கையும் சிவப்பையும்கூடச் சொல்வேன். அவள் என்னைத் திட்டினால் சரவணன் குறுக்கே வரக்கூடாது, முனிரத்தினம் சமாதானம் சொல்லக்கூடாது, எனக்கு வயதாகிவிட்டது என்று யாரும் சொல்லக்கூடாது. அவள் திட்டி முடிக்கும்வரை நான் தலையைக் குனியாமல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

புதன்கிழமை தவறாமல் இனி வருவேன், லோகா.

இப்படிக்கு,
உன் அண்ணன் பெண்டாட்டி, உன் அண்ணி
ருக்மணி
திருச்சானூர்