கடல்தேங்காய் மரத்தடியில் ஓதிய பாத்திஹா

786

சாய்ந்தமருது

அன்பு மகன் றஊபுக்கு, வாப்பா மீராசா சலாம் சொல்லி எழுதுவித்துக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோருடைய உடம்பும் ஊருக்குச் சொல்லக்கூடிய விதத்தில் இருக்கிறது, சிங்கப்பூரில் நீயும் வேளைக்குத் தின்று வேளைக்கு உறங்கி அப்படியே இருக்கிறாய் என்று நம்பித்தான் வாயைத் திறக்கிறேன். மேலே என்ன தேதி போடுவது என்று இதை எழுதுகிறவன் கேட்டான், எனக்குத் தேதி தெரியாது. காலை வேளையில் சூரியனைக் கிரகணம் விழுங்கி, மேயப் போன கோழியெல்லாம் திரும்பி வந்து கூட்டில் ஏறி, லெப்பை ஓடி வந்து எங்களைப் பள்ளியில் கிரகணத் தொழுகைக்கு நிறுத்தினாரே அந்த வருஷம், இங்கினியாகலைக் குளத்துத் தண்ணீர் வந்து நம்முடைய சிறுபோகம் பொய்க்காமல் விளைந்த அதே வருஷம் என்று போட்டுக்கொள். வழக்கமாக உன் மச்சான்தான் எனக்குக் கடிதம் எழுதித் தருவார். இந்த விஷயத்தை மருமகனுக்கு வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தபடியால் பாண்டிருப்புக்கு நடந்து வந்து என் பழைய சிநேகிதன் அழகரெத்தினத்தின் கடையில் உட்கார்ந்து சொல்கிறேன். அவன் பேனையைத் திறந்ததும் முதல் சொன்னது, “விசயத்த முன்னுக்குச் சொல்லு மீராசா, பொடியன் அங்க தனிய இரிக்கான், சுத்தி வளைச்சா ஆருக்கோ மவுத்து எண்டு நினைச்சிருவான்” என்று. அதனால் முன்னுக்கே சொல்கிறேன் மகன், நான் நிக்காஹ் செய்ய நினைத்திருக்கிறேன். பெண் மருதமுனை சபூறா, சாரம் நெய்கிறவர்களுடைய குடும்பம், புருஷன் மவுத்தாகிப் பல வருஷம், பிள்ளை இல்லை. அது நடக்குமா நடக்காதா என்பது இப்போது உன் கையில் இருக்கிறது, எப்படி என்று சொல்லுகிறேன், எழும்பி நில்லாமல் உட்கார்ந்து வாசி.

சிறுபோகம் வெட்டிச் சூடடித்து நெல்லை அறைக்குள் ஏற்றின கையோடு, அரிசி மில் சீனிமுகம்மது ஒரு பஸ் பிடித்தான். கண்டியைச் சுற்றி இருக்கிற பூந்தோட்டம், காட்டுத்தோட்டம் எல்லாவற்றையும் நம்முடைய ஊர், மருதமுனைக் கிழடுகளுக்குக் காட்டுவதாக நேர்ச்சை வைத்திருந்தானாம், தீராத வயிற்று வலி தீர்ந்ததற்கு. ஆண்கள் முன்னுக்கு, பெண்கள் பின்னுக்கு, நடுவில் ஒரு சேலைத் திரை. செங்கலடி தாண்டிப் பதுளை றோட்டில் ஏறினதிலிருந்து திரைக்குப் பின்னால் ஒரே குமட்டிச் சத்தி எடுக்கும் சத்தம், ஒரே ஒரு குரல் மட்டும் சிரித்துக்கொண்டே வந்தது, தேசிக்காயை மோந்து பாருங்க, மறுகா வெளியே பாருங்க, உள்ளே பாக்காதீங்க என்று. அது யார் என்று எனக்கு அப்போது தெரியாது. கண்டியில் பள்ளிக்குப் பின்னால் ஒரு வீட்டில் தங்கினோம். முதலில் குளத்தைச் சுற்றி நடந்தோம் மகன். அவ்வளவு தண்ணீரைக் கட்டி வைத்திருக்கிறார்கள், ஒரு வயலுக்குக்கூடப் பாய்ச்சவில்லை, பார்ப்பதற்கு மட்டும்தானாம். கரையில் உட்கார வாங்கு, நடக்கப் பாதை, நிழலுக்கு மரம். நான் அந்த வாங்கில் உட்கார்ந்து ஒரு வேலையும் இல்லாமல் தண்ணீரைப் பார்த்தேன், பிறந்து எழுபதைத் தாண்டின பிறகு முதல் தடவையாகத் தண்ணீரை யாருடைய முறை என்று கேட்காமல் பார்த்தேன், சிரிப்பு வந்துவிட்டது. பைத்தியம் பிடித்ததோ என்று சீனிமுகம்மது என் முகத்தைப் பார்த்தான்.

அடுத்த நாள் பேராதனைத் தோட்டம். அதை நான் எப்படிச் சொல்ல. நம்முடைய வயல் வட்டையைப் போலப் பரந்த இடம், முழுக்கப் புல், ஒரு மாடு இல்லை. தொடை மொத்தத்தில் மூங்கில், கமுகுக்கும் பனைக்கும் பிறந்த பிள்ளை போல நெட்டையாக வரிசையில் நிற்கிற ஒரு மரம், ஒரு மரமே ஊரைப்போலப் படர்ந்து கிடக்கிற ஒரு ஆல், அதன் வேருக்கு மேல் நாங்கள் எல்லோரும் ஏறி உட்கார்ந்தும் இடம் மிச்சம். உயர்ந்த மரங்களில் பழுத்த பனங்காய் போல வௌவால் தொங்குகிறது, பகலில், நூறு நூறாக. சீனிமுகம்மது வெள்ளைச் சட்டையோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான், வௌவால் அவனுக்குச் செய்யவேண்டியதைச் செய்தது, திரும்பவும் அந்தக் குரல், “மில்காரருக்கு மேல இருந்து பறக்கத்து இறங்குது” என்று. திரும்பிப் பார்த்தேன். முக்காட்டுக்குள் ஒரு வட்ட முகம், கையில் கறுப்புக் குடை, வாய் நிறைய வெற்றிலை. அப்போதுதான் பார்த்தேன், பார்த்தது பார்த்ததுதான்.

அதற்குப் பிறகு நடந்ததை அழகரெத்தினம் எழுத மாட்டேன் என்றான், நான்தான் எழுது என்றேன். ஒரு பாதையில் இரண்டு பக்கமும் ஒரு மாதிரியான பனை, அடியில் கறுப்பாக ஒரு காய் வைத்திருந்தார்கள், இரண்டு தேங்காயை ஒட்ட வைத்தது போல. கண்டதும் குனிந்து பார்த்தேன். கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்கு வருகிற பக்கீர் பாவா கையில் தொங்குமே ஒரு கறுப்பு ஓடு, அதற்குள் நாங்கள் அரிசி போடுவோமே, அதே ஓடு. கடலுக்கு அடியில் ஒரு மரம் உண்டு, அதன் காய்தான் மிதந்து கரைக்கு வருகிறது, பாவாமார் கைக்கு மட்டும் போய்ச் சேர்கிறது என்று சின்ன வயதிலிருந்து கேட்டவன் நான். ஆகவே எல்லோரையும் நிறுத்தி, கடலுக்கு அடியில் இருந்த மரத்தை வெள்ளைக்காரன் பிடுங்கி வந்து இங்கே நட்டிருக்கிறான், ஸலவாத்துச் சொல்லுங்கள் என்றேன். சொன்னதுதான் தாமதம், ஆண்கள் தொப்பியைச் சரிசெய்தார்கள், பெண்கள் மரத்தடியில் சில்லறை போட்டார்கள், யாரோ பச்சைக் கைலேஞ்சியை மரத்தில் கட்டினார்கள், யாரோ மடியிலிருந்து ஊதுபத்தி எடுத்துப் பற்றவைத்தார்கள். லெப்பை வராதபடியால் நானே முன்னுக்கு நின்று பாத்திஹா ஓதினேன், நல்ல சத்தமாக. ஓதிவிட்டுக் கண் திறந்தால் எங்களுக்குப் பின்னால் சிங்களக் குடும்பம் ஒன்றும் கைகூப்பிக்கொண்டு நிற்கிறது. புகையைக் கண்டு காவல்காரன் ஓடி வந்தான், சிங்களத்தில் கத்துகிறான், எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. அப்போது சபூறா குடையை ஊன்றிக்கொண்டு முன்னுக்கு வந்து, பதுளையில் புருஷனோடு சாரம் விற்ற காலத்தில் பழகின சிங்களத்தில் அவனோடு கதைத்தாள். என்ன சொன்னாளோ, கத்தின மனிதன் சிரிக்கத் தொடங்கினான், ஊதுபத்தியைத் தானே அணைத்துவிட்டு மரத்தைப் பற்றிக் கதை சொன்னான். அவள் எங்களுக்குச் சொன்னாள், இது வேறொரு தீவிலிருந்து கொண்டு வந்த பனையாம், கடலுக்கு அடியில் இருந்தது இல்லையாம், ஆண் மரம் தனி, பெண் மரம் தனியாம், காய்க்கத் தொடங்கவே ஒரு ஆயுசில் பாதி போய்விடுமாம், அதற்குப் பிறகு விடாமல் காய்க்குமாம். நான் வெட்கத்தில் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டேன். அவள் என்னைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்துக்கொண்டு, “மீராசா காக்கா பாத்திஹா ஓதிட்டார், கந்தூரிச் சோறு எப்ப?” என்று கேட்டாள். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் விடவில்லை, ஆக்கிற கை கிடைத்தால் நாளைக்கே சோறு என்றேன். சிரிப்பு டக்கென்று நின்றது. நான் சொன்னது என் காதிலேயே பிறகுதான் விழுந்தது.

அந்தி சாய முன்னம் உடவத்தைக் காட்டுக்குப் போனோம், ஊருக்கு மேலே மலையில் மரம் வெட்டாமல் காவல் போட்டு வைத்திருக்கிற காடு. பாதி வழியில் மற்றவர்களெல்லாம் மூச்சு வாங்கி ஒரு சின்னக் குளத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள், அவர்களுடைய கண்ணுக்குள்ளேயே நாங்கள் இரண்டு பேர் கொஞ்சம் மேலே ஏறினோம், அவள் முன்னால், நான் பத்தடி பின்னால். என் காலில் அட்டை ஏறிவிட்டது. நான் துள்ளுகிற துள்ளலைப் பார்த்து அவள் திரும்பினாள், வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு டப்பியை எடுத்துத் தரையில் வைத்துக் குடை நுனியால் என் பக்கம் தள்ளினாள், கைக்குக் கை படக்கூடாதே. சுண்ணாம்பு பட்டதும் அட்டை விழுந்தது. அந்த நிலையில், ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, கேட்டுவிட்டேன் மகன். நம்முடைய கரையில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டு வருவது வழக்கம், எனக்கு யார் கேட்டு வரப் போகிறார்கள், நானே கேட்டேன். நம்முடைய தாய்வழிக் குடி வேறு, அவளுடைய குடி வேறு, அதில் தடை இல்லை என்றும் சொன்னேன். அவள் மரத்தில் தாவுகிற குரங்குகளைப் பார்த்தபடி வெற்றிலைப் பெட்டியை மூடினாள். பிறகு சொன்னாள், “எனக்கு ஓம்தான். ஆனா எனக்கு வொலியா நிண்டு, எங்கட புள்ளயத் தாறம் எண்டு சொல்ல என்ட பக்கத்து ஆம்புள ஒருத்தன் வேணும். எல்லாரும் போய்ட்டாங்க. தம்பி ஒருத்தன் சிங்கப்பூர் எண்டு போனான், இரிக்கானோ இல்லியோ. அவன்ட வாயால ஒரு சொல் வந்தா வருவன்.” ஊருக்கு வந்து லெப்பையிடம் கேட்டேன், வொலி தூர தேசத்தில் என்றால் காதியாரே அந்த இடத்தில் நிற்கலாம், மார்க்கத்தில் இடம் உண்டு என்றார். ஆள் அனுப்பிச் சொன்னேன். மார்க்கத்துக்கு அது காணும், எனக்குப் போதாது என்று பதில் வந்தது. அவளுக்கு வேண்டியது வொலி மட்டும் இல்லை மகன், தம்பி இருக்கிறான் என்கிற செய்தி.

திரும்பி வருகிறபோது நான் பஸ்ஸில் கொளுத்தாத சுருட்டை வாயில் வைத்துக்கொண்டே வந்தேன், சீனிமுகம்மது எனக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். செங்கலடி வந்ததும் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு வாழைப்பழம் கைமாறிக் கைமாறி வந்தது, கூடவே அவளுடைய குரல், “அத மீராசா மச்சானுக்குக் குடுங்க” என்று. போகிறபோது அண்ணன் முறையில் காக்கா, வருகிறபோது கட்டுகிற முறையில் மச்சான். தோலையும் சேர்த்துத் தின்றேனோ என்னவோ தெரியாது.

நான் வீட்டுப் படி ஏற முன்னமே கதை உன் ராத்தா மைமூனாவிடம் வந்து சேர்ந்துவிட்டது. சோற்றை வைத்தாள், மூடியைப் பாத்திரத்தில் போட்ட சத்தத்திலேயே எல்லாம் விளங்கியது. இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் அழுதாள். கலியாணம் முடிந்தால் நான் சபூறாவின் வீட்டுக்குத்தானே போய் இருக்க வேண்டும், அதுதானே நம்முடைய வழக்கம், அப்போது மகள் சோறு போடவில்லை என்று ஊர் சொல்லாதா என்றாள். அவள் அழுததிலும் நியாயம் இருக்கிறது. உன் உம்மா போன நாளிலிருந்து என் சாரத்தைத் துவைத்து என் சுருட்டுச் சாம்பலைக் கூட்டினவள் அவள். நான் சொன்னேன், வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பள்ளி வாசலில் நின்று சொல்லுவேன், என் மகளுடைய சோற்றில் உப்புக்கூடக் குறைந்ததில்லை, நான் போவது சோற்றுக்கு இல்லை, சிரிப்பதற்கு என்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “தம்பி ஓம் எண்டா எனக்கும் ஓம்” என்றாள். பின்னேரம் போல, சபூறா மாமிக்கு உறைப்பு ஒத்துவருமா என்று யாரிடமோ விசாரித்தாளாம், மச்சான் சொன்னார்.

ஆகவே மகன், உன்னிடம் இரண்டு ஓம் கேட்கிறேன். ஒன்று உன்னுடையது. உன் உம்மாவின் கபுறடிக்குப் போய் வந்துதான் இதைச் சொல்கிறேன், அவளை மறந்து செய்கிற காரியம் இல்லை. மற்றது அந்தத் தம்பியுடைய ஓம். உனக்குப் பெண் பார்க்கிறோம் பார்க்கிறோம் என்று சொல்லி எங்கள் வாய் நொந்துவிட்டது, நீ பிந்தினால் நான் முந்துகிறேன், ஆனால் வாப்பாவுக்குப் பெண் கேட்டுப் போகிற மகன் இந்தக் கரையில் நீ ஒருவன்தான், அந்தப் பெருமை உனக்கு. போகும்போது நல்ல சட்டை போடு, வெறுங்கையோடு போகாதே, ஏதாவது இனிப்பு வாங்கு. அவர் சம்மதம் என்றால் இரண்டு சாட்சி வைத்து எழுதி வாங்கி அனுப்பு. சுபஹுத் தொழுகையை விடாதே, மழையில் நனைந்த தலையோடு படுக்காதே. அங்கேயும் பெரிய பூந்தோட்டம் ஒன்று உண்டு என்று கேள்வி, வேலை இல்லாத நாளில் போய்ப் புல்லில் உட்கார், தேகத்துக்கு நல்லது. அல்லாஹ் உன் ஆயுசிலும் ஈமானிலும் உன் தொழிலிலும் பறக்கத்துச் செய்வானாக, ஆமீன்.

உன் வரவை விட உன் பதிலை முதலில் எதிர்பார்க்கும் உன் வாப்பா,
மீராசா
(சொல்லச் சொல்ல எழுதியது பாண்டிருப்பு அழகரெத்தினம்)

அழகரெத்தினம் இதை முழுக்க எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, “போய்க் கேளு கேளு எண்டு சொல்லுறாய், அந்தத் தம்பிர பேரச் சொல்லல்லயே” என்று சிரிக்கிறான். சந்தோஷம் வந்தால் மனிதனுக்கு இப்படித்தான். சொல்லுகிறேன், அந்த வீட்டு ஆண்கள் அத்தனை பேரும் எனக்குத் தெரியும். சபூறாவின் வாப்பா மலேரியா பரவின வருஷம் மவுத்து. மூத்த காக்கா கரைவலை இழுத்த கடற்கரையிலேயே நெஞ்சடைத்து விழுந்தார். நடுவில் உள்ளவருக்கு வயலில் பாம்பு கடித்தது. அவர்கள் இரண்டு பேருக்கும் பெண் பிள்ளைகள்தான். வாப்பாவின் தம்பி, சாச்சா, பாயில் கிடந்து போனார், சாச்சாவின் மகன் ஹஜ்ஜுக்குப் போய் மக்காவிலேயே அடங்கினார். கடைசித் தம்பி உலகச் சண்டை முடிந்த வருஷம் திருகோணமலையில் கப்பல் ஏறினான், அதற்குப் பிறகு ஒரு வரி இல்லை. இப்போது கவனமாகக் கேள். போன நோன்புக்கு நீ எழுதின கடிதத்தில், அரபுத் தெருவில் சாரம் விற்கிற ஒரு நரைத்த ஆள், நீ கட்டியிருந்த சாரத்தின் கரையைத் தடவிப் பார்த்து, மருதமுனையில் இன்னும் நூலுக்குச் சோற்றுக் கஞ்சிதான் போடுகிறார்களா என்று கேட்டதாகவும், பதில் சொல்ல முன்னம் உள்ளே போய்விட்டதாகவும் எழுதியிருந்தாய். நீ பெயர் கேட்கவில்லை. அப்போது எனக்கும் கேட்கத் தோன்றவில்லை, அந்த மலையில் நின்றபோதுதான் ஞாபகம் வந்தது. சபூறாவிடம் இன்னும் சொல்லவில்லை, இல்லை என்று வந்தால் அவள் இரண்டாம் தடவை அழ வேண்டும். வலது காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவில் ஒரு மச்சம் இருக்கும், பார். இருந்தால் உன் வாப்பாவின் பெயரைச் சொல்லாதே, முதலில் அவனுடைய ராத்தா சபூறாவின் பெயரைச் சொல்லு. அவளுடைய ஆண்களில் இன்றைக்கு உயிரோடு மிச்சம் இருப்பது அந்த ஒருத்தன்தான் மகன், அவன் பெயர் காலிதீன்.