பிகோனியா இலையும் ரோசியின் காய்ச்சலும்

மாசி, செவ்வாய்

காலையிலிருந்தே காற்று. மில் தூசி வாசல்வரை. தண்ணீர் வண்டி வரவில்லை. அரிசி கழுவின தண்ணீர் ரோஜாவுக்கு.

போன வாரம் பெங்களூர் லால்பாக்கிலிருந்து கொண்டுவந்த பிகோனியா இலை இன்னும் வாடவில்லை. கண்ணாடி மாளிகையில் பார்த்தது முதல் அதே நினைப்பு. அடிப்பக்கம் சிவப்பு, மேலே வெள்ளி பூசினாற்போல். தோட்டக்காரர் ஓர் இலை கிள்ளித் தந்து, "நரம்பைக் கீறி ஈர மணல் மேல படுக்க வைம்மா, குட்டி போடும்" என்றார். மண்சட்டி, பாலாற்று மணல், மேலே கவிழ்த்த கண்ணாடி ஜாடி. இன்று கீறின இடத்தில் பச்சையாக ஒரு புள்ளி. கண் மயக்கமோ? மகளிடம் காட்டினேன். ரோசி குனிந்து பார்த்துவிட்டு, "பூனைக்குட்டியாம்மா?"

புதன்

ரோசிக்குக் காய்ச்சல். கண் சிவப்பு, ஓயாத தும்மல். பெங்களூரில் பிளேக் என்று தெரிந்தும் குழந்தையோடு தோட்டம் பார்க்கப் போனேனே. ரயிலடியில் நாடி பார்த்துத்தான் விட்டார்கள். ஆனாலும். அக்குள், தொடை இடுக்கு எல்லாம் தடவிப் பார்த்தேன். பிளேக் கட்டி இல்லை. மறுபடி பார்த்தேன். இல்லை.

பக்கத்து வீட்டு முனியம்மா வாசலில் நின்றபடியே: "பெங்களூர் மண்ணைக் கொண்டாந்து வூட்ல வச்சா இன்னா ஆவும்? அத்தக் கடாசும்மா. எங்க வூட்லயும் புள்ளைங்க கீது."

மணல் நம்மூர்ப் பாலாற்று மணல் என்றேன். கேட்கவில்லை. சட்டியோடு குப்பைமேட்டில் கொட்டிவிட்டேன்.

வியாழன்

காய்ச்சல் இறங்கவில்லை. டாக்டருக்குச் சொல்லி, பிளேக்காக இருந்துவிட்டால் குழந்தையை ஊருக்கு வெளியே பிளேக் ஷெட்டுக்குத் தூக்கிப் போவார்கள். கிருமி போகவென்று வீட்டுக் கூரையைப் பிரிப்பார்கள். சொல்லாவிட்டால் லைன் வீடுகள் முழுக்கப் பரவும். இவர் ஷிப்ட் முடிந்து வந்ததும் சொன்னேன். ரோசியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "மூடி வச்சா மட்டும் போயிடுமா? நானே போய்ச் சொல்றேன்."

வெள்ளி

டாக்டர் வந்தார். கழுத்து, அக்குள் அழுத்திப் பார்த்தார். காதுக்குப் பின்னால் பொடிப்பொடியாகச் சிவப்பு. "மணல்வாரி அம்மா, தட்டம்மைதான். அந்தக் காய்ச்சல் இல்ல. பயப்படாதீங்க."

அவர் போனதும் குப்பைமேட்டுக்கு ஓட்டம். சட்டி உடைந்து கிடந்தது. இலையில் பாதி மிதிபட்டு நசுங்கல், பாதி பச்சை. குழந்தை படுத்திருக்கையில் இலை பொறுக்குகிறாள் என்பார்கள். சொல்லட்டும். ஒரு டம்ளரில் மணல் போட்டு வைத்தேன்.

ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. ரோசி தானே கேட்டுக் கஞ்சி குடித்தாள். இலை கறுத்து அழுகிவிட்டது. ஒன்றும் மிஞ்சவில்லை. "இன்னொரு தபா போலாம் லால்பாக்குக்கு" என்றார் இவர். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன்.

சற்றுமுன் சுவருக்கு அப்பாலிருந்து முனியம்மா குரல். "மேரிம்மா, குளிர் காய்ச்சலா கீது. அக்குள்ல நெல்லிக்காயாட்டம் இன்னாவோ. தொட முடியல. டாக்டராண்ட சொல்லிடாதே. உன்னைக் கும்புட்றேன்."

பெங்களூர்ப் பக்கமே போகாதவள்.

ரோசியை இவரிடம் விட்டுவிட்டு டாக்டரிடம் கிளம்புகிறேன்.