வீட்டைத் தாண்டிப் போகும் வண்டி

6 ஜூலை 2025, ஞாயிறு

இன்றும் வாசலில் மூன்று பிக்கப் வண்டிகள். சிதம்பரத்தில் எங்கள் வீட்டுப் போர் தண்ணீரில் மட்டும் உப்புக் கறை படியாது என்பதால், ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டாண்டுக்காரர்கள் இங்கேதான் வண்டி கழுவுகிறார்கள். கழுவுவது கொஞ்ச நேரம். மீதி நேரமெல்லாம் எஞ்சின் பேச்சு. பெண் பார்க்கப் போகும்போதுகூட ஆண்கள் இவ்வளவு அலசுவதில்லை.

தில்லைநாதன் அண்ணனுடையது பழைய வண்டி. அது ஸ்டார்ட் ஆனால் எதிர்வீட்டில் கொடியில் காயும் துணியை எடுத்துவிடுவார்கள். ஆனால் பேச்சுக்கு மட்டும் குறைவில்லை. "என் வண்டிக்கு ஒரு ஸ்பேனர் போதும் பாய். உன் வண்டிக்கு லேப்டாப் வேணும். கம்பெனிக்காரன் இப்ப வண்டியா விக்கிறான்? வண்டியக் காட்டி சர்வீஸ விக்கிறான். வருஷத்துக்கு ஒருதரம் மூஞ்சிய மாத்திட்டு வெலைய ஏத்துறான்."

ராஜவேல் தம்பி விடுவானா? "அண்ணே, உங்க பின்னாடி வந்தா நான் வைப்பர் போட வேண்டியிருக்கு. புது எஞ்சின் புகையே விடாது. மைலேஜும் ஜாஸ்தி."

என் வீட்டுக்காரர் அன்வர் சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருஷம் சவுதியில், தம்மாமில் ஜப்பான் பிக்கப் ஓட்டியவர் என்பதால் கடைசியில் தீர்ப்பு இவரிடம்தான் வரும். "அந்த வண்டி பாலைவனத்துலகூட மக்கர் பண்ணாது. ஆனா அது எவனோ ஒருத்தனோட வண்டி" என்றார். அதோடு சரி.

இது எங்கள் வண்டி. அவருடைய சம்பாத்தியம் முழுக்க இதில்தான் நிற்கிறது. இது ஓடினால் அவர் இங்கே இருப்பார். ஓடாவிட்டால்? அதை எழுதவே பிடிக்கவில்லை. அதனால்தான் டீசல் விஷயத்தில் நான் கறார். அங்கே ஏசிக்காக நாளெல்லாம் எஞ்சினை ஓடவிட்டுப் பழகியவர், இங்கேயும் வாசலில் நிறுத்திவிட்டு அணைக்காமல் இறங்கி வருவார். "அணைங்க மச்சான், டீசல் என்ன குழாய்லயா வருது?" என்று கத்திக் கத்தியே பழக்கிவிட்டேன். இப்போது கடை வாசல், ரயில்வே கேட், டீக்கடை, எங்கே நின்றாலும் கை தானாகச் சாவிக்குப் போய்விடுகிறது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறதாம். கழுவும்போது தண்ணீர் போயிருக்கும் என்கிறார்.

9 ஜூலை, புதன்

விளக்கு அணையவில்லை.

14 ஜூலை, திங்கள்

ஸ்ரீமுஷ்ணத்துக்குச் சிமென்ட் ஏற்றிப் போன வண்டி, சேத்தியாத்தோப்பு தாண்டியதும் இழுக்கவில்லை. எவ்வளவு மிதித்தாலும் சைக்கிள் வேகம்தானாம். மேலே தூறல் வேறு. ராஜவேல் தம்பி தன் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் மூட்டைகளை மாற்றிக் கொண்டுபோய் இறக்கினான். வாடகை அவனுக்கு. பெயர் கெட்டது எங்களுக்கு.

இருட்டும் நேரத்தில் வண்டியை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். வந்தவர் இறங்கவில்லை, சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். "அத்தா ஏன் உள்ள வரல?" என்று அல்மாஸ் கேட்டாள். பன்னிரண்டாவது படிக்கிற பெண். அவளுக்குப் புரியாமலா கேட்கிறாள்?

17 ஜூலை, வியாழன்

லியாக்கத் அலி அண்ணன் தம்மாமிலிருந்து போன் செய்தார். என் கூடப் பிறந்த அண்ணன். முதல் தடவை இவரை அங்கே கூப்பிட்டுக்கொண்டதும் அவர்தான். வண்டி நின்றுபோன செய்தி எப்படித்தான் கடல் தாண்டிப் போனதோ!

"ரொட்டிக் கம்பெனியில டிரைவர் விசா இருக்கு மச்சான். நல்ல சம்பளம். அந்த தலைவலிய வித்துட்டு கெளம்பி வாங்க."

"யோசிச்சி சொல்றேன் மச்சான்" என்றார் இவர். போனை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"உங்க இஷ்டம்" என்றேன்.

அல்மாஸ் தொட்டிலில் கிடந்தபோது முதல் தடவை கிளம்பினாரே, அப்போதும் இதையேதான் சொன்னேன். ஒவ்வொரு லீவு முடியும்போதும் இதையேதான் சொன்னேன். உங்க இஷ்டமாம்! என் இஷ்டம் என்னன்னு யாராவது கேட்டாங்களா? கேட்டிருந்தா மட்டும் வாயத் தொறந்து சொல்லியிருப்பேனா?

20 ஜூலை, ஞாயிறு

இன்று கழுவல் இல்லை, பஞ்சாயத்துதான். சைலன்சரில் புகையைப் பிடித்துவைக்கிற ஃபில்டர் ஒன்று இருக்கிறதாம். அது அடைத்துக்கொண்டதால்தான் வண்டி இழுக்கவில்லை என்பதில் எல்லாருக்கும் ஒரே கருத்து. அதற்கு மேல் ஆளுக்கு ஒன்று.

"அத அறுத்து எறிஞ்சிட்டு ஒரு குழாய வச்சி வெல்டிங் அடி பாய். மூக்கப் பொத்திக்கிட்டு எவன் ஓடுவான்?" இது தில்லைநாதன் அண்ணன்.

"எஃப்.சி.க்குப் போனா மாட்டிக்குவாரு. வாரண்டியும் போயிடும். கம்பெனிக்கே கொண்டு போங்க பாய்." இது ராஜவேல்.

ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். யார் பேசினாலும், பேசுகிற நேரத்துக்கு அவர் சொல்வதே சரியென்று படுகிறது. சத்தமாகப் பேசுகிறவர்களுக்கு அப்படி ஒரு வசதி.

எல்லாரும் போன பிறகு அவர் என்னிடம் சொன்னார்: "கடலூர் சர்வீஸுக்குக் கொண்டு போறேன். அங்கயும் முடியலன்னா லியாக்கத்துக்கு சரின்னு சொல்லிடறேன் ரசியா."

"ம்" என்றேன். உள்ளே போய்த் தொழுதேன். ஒரு சைலன்சருக்காக துஆ கேட்டவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

23 ஜூலை, புதன்

விளக்கு அணைந்துவிட்டது! துணைக்குப் போன தில்லைநாதன் அண்ணன் இறங்கும்போதே கையைத் தூக்கிக் காட்டினார். என்ன கோளாறு என்று கேட்டதற்கு, "சென்சார்தான். சரி பண்ணிட்டாங்க" என்று முடித்துக்கொண்டார் இவர். எஞ்சினைப் பற்றி இந்த ஆண்கள் ஒரே வரியில் பேசி நான் பார்த்ததில்லை.

இறால் வாங்கிக் குழம்பு வைத்தேன்.

25 ஜூலை, வெள்ளி

பாஸ்போர்ட்டை ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். வண்டிதான் சரியாகிவிட்டதே என்றேன். "திரும்ப மக்கர் பண்ணாதுன்னு என்ன நிச்சயம்? கைல ஒண்ணு இருக்கட்டும்" என்றார். அண்ணன் டிக்கெட்டே பார்த்துவிட்டாராம். ஆகஸ்ட் இருபது.

28 ஜூலை, திங்கள்

சாயங்காலம் வண்டிச் சத்தம் கேட்டது. எங்கள் வண்டிச் சத்தம் எனக்குத் தெரியாதா? கேட்டைத் திறக்கப் போனேன். வண்டி நிற்காமல் வீட்டைத் தாண்டிப் போனது. தெருமுனையில் திரும்பி, கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்து, மறுபடியும் தாண்டிப் போனது. மூன்றாவது தடவைதான் நின்றது. உடனே அணைத்தார், இறங்கினார்.

"எங்க போனீங்க?"

"சும்மா ஒரு ரவுண்டு."

30 ஜூலை, புதன்

இன்றும் அதே கதை. அண்ணனிடம் போனில் பேசுகிறார் போலிருக்கிறது, என் காதில் விழாமல். போவதென்று முடிவே எடுத்திருப்பார். எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் வீட்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டு உள்ளே வராமல் சுற்ற வேண்டுமா? நான் என்ன அழுது மறிக்கவா போறேன்? இத்தன வருஷத்துல ஒரு தடவையாவது மறிச்சிருக்கேனா?

3 ஆகஸ்ட், ஞாயிறு

அவர் பரோட்டா வாங்கப் போன நேரம். தில்லைநாதன் அண்ணன் மட்டும் வாசலில் பக்கெட்டோடு நின்றார். மனசு கேட்கவில்லை, கேட்டுவிட்டேன்: "அண்ணே, அவங்க போறதுன்னு முடிவு பண்ணிட்டாங்களா? வீட்டுக்கு வராம தெருவச் சுத்துறாங்க."

அண்ணன் முழித்தார். பிறகு பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு அப்படி ஒரு சிரிப்பு. "அட தங்கச்சி! அது உனக்கு பயந்து சுத்துறாரும்மா!"

கடலூர் சர்வீஸில் எழிலரசி என்று ஒரு பெண் வண்டியை ஓட்டிப் பார்த்தாளாம். சென்சார் எல்லாம் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. இவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "நிக்குற எடத்துலலாம் ஏன் சார் அணைக்கிறீங்க?" என்று கேட்டிருக்கிறாள். ஃபில்டரில் கரி சேர்ந்ததும் வண்டி தானே அதை எரித்துவிடுமாம். அது எரிகிற நேரத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல ரோட்டில் நிற்காமல் ஓட்டினால் இன்னும் நல்லது. இவரோ டவுனுக்குள்ளேயே கடை கடையாக நின்று, எரிய ஆரம்பிக்கும்போதெல்லாம் அணைத்திருக்கிறார். உலை கொதிக்கும்போதெல்லாம் அடுப்பை அணைத்தால் சோறு எங்கே வேகும்?

"எம் பழக்கம்மா அதுன்னு சொன்னாரு. ஆரு பழக்குனதுன்னு எனக்குத் தெரியாதா? வெளிய வந்ததும் எங் கையப் புடிச்சிக்கிட்டாரு. ரசியாகிட்ட சொல்லாத, அது மனசு ஒடிஞ்சிடும்னு."

அதனால்தான் வாசலுக்கு வரும்போது ஃபில்டர் எரிவதாக மீட்டரில் காட்டினால், எரிந்து முடிகிறவரை தெருவைச் சுற்றுகிறார். ஓடவிட்டபடி நின்றால் நான் கத்துவேன். அணைத்தால் ஃபில்டர் அடைக்கும். அதற்கு இது ஒரு வழி!

"நான் வேற அறுக்கச் சொன்னேன்" என்று தலையைச் சொறிந்தார் அண்ணன். உடனே சுதாரித்துக்கொண்டார்: "ஆனா ஒண்ணு, எவ்ளோ அணைச்சாலும் என் வண்டிக்கு இந்த தொல்லையே கெடையாது பாத்தியா?"

சிரித்தேன். சமையலறைக்கு வந்ததும் அழுகையாக வந்தது. அவரை இங்கே இருக்கவைக்க நான் பிடித்த சிக்கனம்தான் அவருடைய பாஸ்போர்ட்டை ஏஜெண்ட் கையில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறது. அந்த மனுஷன் அதைக்கூடச் சொல்லாமல் பழியைச் சென்சார் தலையில் போட்டிருக்கிறார். கோபம்தான் முதலில் வந்தது. அப்புறம் வந்தது கோபமில்லை.

8 ஆகஸ்ட், வெள்ளி

ஐந்து நாளாக எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. இன்று ஜும்மா முடிந்து, கடைக்கு ஒரு லோடு இறக்கிவிட்டு வந்தார். சத்தம் கேட்டது. வேகம் குறையவில்லை. தாண்டிப் போகப் போகிறார் என்று தெரிந்தது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தெரு நடுவில் போய் நின்று கையைக் காட்டினேன்.

பிரேக் அடித்தார். கை சாவிக்குப் போனது.

"அணைக்காதீங்க" என்றேன்.

கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன். சொந்த வண்டியில் இன்றுதான் முதல் தடவை ஏறுகிறேன். லோடு ஏற்றத்தானே வாங்கினோம்.

"எங்க?"

"கடலூர் ரோட்டுல. நேரா, நிக்காம போங்க."

அவருக்குப் புரிந்துவிட்டது. "தில்லைநாதன் வாய்ல எதுவும் நிக்காதே" என்று முணுமுணுத்தார். நாலு வழிச் சாலை ஏறியதும் வண்டி அலுங்காமல் போனது. பின்னால் வெறும் தொட்டி. ஒரு மூட்டை இல்லை, வாடகை இல்லை, டீசல் பாட்டுக்கு எரிகிறது. டோல்கேட் தெரிந்ததும், "இங்கயே திரும்பிடலாம், தண்டமா ஏன் காசு?" என்றேன். பழக்கம் எங்கே போகும்? அவர் காதில் வாங்காமல் தாண்டிப் போனார்.

இரண்டு பேரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். முகத்துக்கு முகம் பார்த்திருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது.

"போகாதீங்க மச்சான்."

ஒரு லாரியை முந்தினார்.

"வண்டி ஓடுனாலும் ஓடாட்டியும் போகாதீங்க. நான் கடைக்கு வேலைக்குப் போறேன். எதையோ பண்ணுவோம்."

"எஞ்சின் சத்தத்துல சரியா கேக்கல" என்றார். "இன்னொரு தரம் சொல்லு."

புது எஞ்சினுக்கு அவ்வளவு சத்தமெல்லாம் கிடையாது. இருந்தாலும் இன்னொரு தடவை, சத்தமாகச் சொன்னேன்.

11 ஆகஸ்ட், திங்கள்

பாஸ்போர்ட்டை வாங்கி வந்து பீரோவில் வைத்துவிட்டார். அண்ணன் என் போனை எடுக்கவில்லை. எடுப்பார். கோபம் அவருக்கு ரொம்ப நாள் நிற்காது.

20 ஆகஸ்ட், புதன்

காலையில் பெண்ணாடத்துக்கு லோடு. மதியம் போன் செய்தார்: "சிதம்பரம் வந்துட்டேன். ஃபில்டர் எரிய ஆரம்பிச்சிடுச்சி. கடலூர் ரோட்டுல பி.முட்லூர் வரைக்கும் போயிட்டு வந்துடறேன். அரை மணி நேரம் லேட்டாவும், நீ சாப்பிட்டுடு."

சரி என்றேன். சோற்றை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அரை மணி நேரம்தானே.