மோர்மிளகாய் வந்த பத்தி

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.

அன்புத் தம்பி கதிர்வேலுக்கு,

அக்கா சங்கரி எழுதுவது. போனை அணைத்து வைத்திருக்கிறாய். உன்னைத் திருப்பூரில் பார்த்ததாக ஆனந்தராஜ் சொன்னான். அவன் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வழியில் பிரித்துப் படித்திருப்பான். படிக்கட்டும், ஊர் வம்பை நான் மட்டுமா குத்தகைக்கு எடுத்திருக்கிறேன்?

என் குரூப் ஃபோர் தேர்வு வகுப்பு நடக்கிறது. பெண்கள் தறியை விட்டிறங்கி நேராக வருகிறார்கள். அணி, சொற்பொருள் எல்லாம் தேறிவிட்டார்கள். பத்தியைப் படித்து விடை எழுதச் சொன்னால்தான் தூங்கி வழிவார்கள். அதற்காகத் தெருக்கதைகளைப் பேர் மாற்றி நானே பத்தியாக எழுதிக் கொடுப்பது உனக்குத் தெரியும். கங்கையம்மாளின் குழாயடிச் சண்டையை எழுதியபோது நீயும்தான் விழுந்து விழுந்து சிரித்தாய்.

நீ போவதற்கு முந்தின வாரம், குளக்கரையில் உன்னைப் பார்த்ததை வைத்து உன்னையே எழுதிவிட்டேன். கம்பெனி வேலை போனதை வீட்டில் சொல்லாமல், தினமும் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பி, குளக்கரையில் உட்கார்ந்திருக்கும் ஒருவன். பேரை மாற்றிய புத்திசாலிக்கு, நீ மோர்மிளகாயை டப்பா மூடியில் ஒதுக்கிவைத்துக் கடைசியில் தின்பதை மாற்றத் தோன்றவில்லை. பத்தி ருசிக்க வேண்டுமே. அன்று வரமாட்டேன் என்றிருந்த உன் சந்தியாவும் வந்துவிட்டாள்.

மூன்றாம் கேள்வி: அவன் வீட்டில் சொல்லாததற்குக் காரணம் என்ன? பயம், வீம்பு, சோம்பல் என்று கொடுத்திருந்தேன். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே சோம்பலைக் குறித்தார்கள். உன் பெண்டாட்டி பேனாவை மூடினாள். “இதுல எதுவும் இல்ல அண்ணி. அந்த டப்பாவ நான்தான் கட்டறேன்” என்றாள்.

வீட்டுக்கு வந்து அந்தத் தாளை உன் முன்னால் வைத்தாளே தவிர, அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று ஆனந்தராஜிடம் சொன்னாயாம். திட்டியிருந்தால் நீ வீட்டை விட்டுப் போயிருக்கமாட்டாய்.

தற்குறிப்பேற்ற அணிக்கு இனி என்னையே உதாரணம் காட்டலாம். சும்மா உட்கார்ந்திருந்தவன் மேல் தன் கற்பனையை ஏற்றியவள்.

அவள் வகுப்புக்கு வருவதில்லை, என்னோடு பேசுவதும் இல்லை. நடுச்சுவருக்கு அப்பால் உங்கள் வீட்டில் அவள் வாய்விட்டுப் படிப்பது கேட்கிறது. சொற்பொருள் தப்பினால் இங்கிருந்தே உரக்கத் திருத்துகிறேன். அடுத்த முறை சரியாகச் சொல்கிறாள். உன் டப்பாவைக் கழுவிச் சுவர்த் திண்டின் மேல் கவிழ்த்து வைத்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தேர்வு, ஏனாத்தூர் பக்கம். நான் கூப்பிட்டால் வரமாட்டாள். உன் வண்டியைத் துடைத்து, பெட்ரோல் வாங்கி ஊற்றி வாசலில் நிறுத்தியிருக்கிறேன். அவளுக்கு ஓட்டத் தெரியாது. எனக்கும்தான்.

காமாட்சியம்மன் உன் கூடவே இருக்கட்டும்.

உன் அக்கா,
சங்கரி