நிறுத்தியது யார்

பரவை,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

அன்புள்ள மாமாவுக்கு, முத்துமீனா எழுதுவது.

நானும் பாப்பாவும் நன்றாக இருக்கிறோம். நீங்களும் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் சாமி கும்பிடுகிறேன். ஆனால் இது சண்டைக் கடிதம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போனில் நான் ஒரு பேச்சு முடிப்பதற்குள் நீங்கள் மூன்று பேசிவிடுகிறீர்கள். காகிதம் என்றால் குறுக்கே பேச முடியாது. திருவாதவூர் காளை அண்ணன் லீவு முடிந்து இன்று சாயங்காலம் மஸ்கட் கிளம்புகிறார். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். கூடவே அத்தை கொடுத்த கருவாட்டுப் பொட்டலமும் இருக்கிறது. அதைப் பிரித்துவிட்டு இதை மறந்துவிடாதீர்கள்.

அத்தைக்கு ஊரில் நடவு முடிந்துவிட்டது. வண்டியை சர்வீஸ் விட்டு எடுத்தாயிற்று. பாப்பாவுக்கு முன்பல் ஆடுகிறது, யாரையும் தொட விடமாட்டேன் என்கிறாள்.

வெள்ளிக்கிழமை நீங்கள் போனில் கத்தினீர்களே, படம் பார்த்துப் பார்த்துக் கெட்டுப்போய்விட்டேன் என்று, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். முதல் நாள் முதல் காட்சிக்குச் சட்டை கிழிய நின்றவர் நீங்கள். கட்அவுட்டுக்குப் பால் ஊற்றி வழுக்கி விழுந்து கட்டுப் போட்டுக்கொண்டவர். நான் ஒரு நாளாவது கெட்டுப்போய்விட்டீர்கள் என்று சொல்லியிருப்பேனா?

நாங்கள் துணிக்கடைப் பெண்கள் பார்க்கும் படம் வேறு. தல்லாகுளத்தில் பீமாராவ் அண்ணன் என்று ஒருவர், தொழிற்சங்கத்துக்காரர், மாதம் ஒரு முறை சங்க மாடியில் வெள்ளை வேட்டியைக் கட்டி வெளிநாட்டுப் படம் போடுகிறார். எல்லாம் வேலை செய்கிறவர்கள் கதை. சுரங்கம், வாழைத் தோட்டம், துணி தைக்கிற கம்பெனி என்று ஒவ்வொரு மாதமும் ஒரு நாடு. கீழே ஓடும் இங்கிலீஷ் எழுத்தைப் படித்துத் தமிழில் சொல்வது என் வேலை. கரஸ்பாண்டென்ஸில் படித்த பி.ஏ. இங்கிலீஷ் இதற்காவது உதவுகிறது. எந்த நாட்டுப் படமானாலும் பெண்கள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் முதலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைப் பிடித்துவிட்டுக்கொள்கிறார்கள். அந்த இடத்தில் நான் எதுவும் சொல்லத் தேவையிருக்காது.

போன மாதம் போட்டது மீன் வெட்டும் ஷெட்டில் நடக்கும் கதை. பனி கொட்டுகிற தேசம். ஐஸ் தண்ணீரில் நின்றபடி பெண்கள் மீன் வெட்டுகிறார்கள். ஒரு நாள் எல்லாரும் கத்தியைக் கீழே வைக்கிறார்கள். எழுத்து வேகமாக ஓடியதால் நானும் அவசரமாக “வேலைய நிறுத்திட்டாங்க” என்று சொல்லிவிட்டேன். உடனே எங்கள் கடை உள்பாவாடை செக்‌ஷன் சோணையம்மாள் அக்கா, “அடப்பாவிகளா, அம்புட்டுப் பேரையுமா?” என்று அழ ஆரம்பித்துவிட்டார். மற்றவர்களும் உச்சுக் கொட்டினார்கள். எங்கள் கடையில் ஒருத்தியை நிறுத்திவிட்டார்கள் என்றால் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்றுதானே அர்த்தம். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. இல்லக்கா, நிறுத்தியது முதலாளி இல்லை, அந்தப் பொம்பளைகள்தான் என்றேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அவளுகளேவா? அப்படியும் நிறுத்தலாமா?” என்று கேட்டார். படத்தை நிறுத்தி இன்னொரு தடவை போடச் சொன்னோம்.

அதில் ஜெயித்தார்களா என்று கேட்பீர்கள். இல்லை, தோற்றுத்தான் போனார்கள். டீ குடித்துக்கொண்டே எங்கே தப்பு நடந்தது என்று பேசினோம். முதலாளி ஒவ்வொருத்தியையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினான், இவர்களும் தனித்தனியாகப் போனார்கள், அதுதான் தப்பு என்று எல்லாரும் ஒரே மாதிரி சொன்னோம்.

இனி கடையில் நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் சிநேகிதர் பால்பாண்டி அண்ணன் சொன்னது பாதிதான்.

துணிக்கடையில் உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. எங்கள் முதலாளியும் ஸ்டூல் வாங்கினார். அதெல்லாம் குடோனில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கிறது. ஆபீசர் வந்தால் இறங்கும், அவர் போனதும் ஏறிவிடும். என்னோடு பட்டு செக்‌ஷனில் நிற்கும் வித்யாஸ்ரீக்கு ஏழாம் மாதம். கால் இரண்டும் வீங்கி, செருப்பு வாரே ஏறவில்லை. ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் முடியாமல் சேலைக் கட்டு மேல் உட்கார்ந்துவிட்டாள். சூப்பர்வைசர் பால்பாண்டி அண்ணன் வாடிக்கையாளர்கள் முன்னாலேயே அவளை எழுப்பி, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். அவள் பையை எடுத்துக்கொண்டு படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கிப் போனாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

மறுநாள் காலையில் நாங்களே குடோனுக்குப் போய் ஸ்டூல்களை இறக்கினோம். உட்கார்ந்துகொண்டே சேலை எடுத்துப் போட்டோம். வியாபாரம் ஒன்றும் குறையவில்லை. ஒரு அம்மா, இப்போதுதான் நிதானமாகக் காட்டுகிறீர்கள் என்றுகூடச் சொன்னார். பால்பாண்டி அண்ணன் வந்து ஸ்டூல்களைப் பிடுங்க ஆரம்பித்த பிறகுதான் விரித்த சேலையை விரித்தபடி போட்டுவிட்டு எழுந்தோம். அம்புட்டுப் பேரையும் வேலையை விட்டு நிறுத்திருவேன் என்று சத்தம் போட்டார். அதற்கு சோணையம்மாள் அக்கா, “நீங்க என்னண்ணே நிறுத்துறது, நாங்கதான் நிறுத்திப்புட்டமே” என்றார். அவ்வளவு கலவரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம் முதலாளி ரூமுக்கு ஒவ்வொருத்தராக வரச் சொன்னார்கள். யாரும் தனியாகப் போகவில்லை. போனால் எல்லாரும், இல்லையென்றால் யாரும் இல்லை என்றோம். அது நடக்காது என்று தெரிந்ததும் என்ன செய்தார்கள் தெரியுமா? வீட்டு ஆம்பளைகளுக்குப் போன் போட்டார்கள். ஒருத்திக்கு அப்பா, ஒருத்திக்கு அண்ணன், எனக்கு நீங்கள். தனித்தனியாகக் கூப்பிடுவது என்றால் அதுதான் மாமா. “மாப்ள, ஒன் பொண்டாட்டிய அடக்கி வையி” என்று பால்பாண்டி அண்ணன் சொன்னதும் நீங்கள் என்னைக் கூப்பிட்டுவிட்டீர்கள். மன்னிப்பு எழுதிக் கொடு, பால்பாண்டி முகத்தில் நான் எப்படி முழிப்பது என்று கேட்டீர்கள். வித்யாஸ்ரீ முகத்தில் நான் எப்படி முழிப்பது என்று உங்களுக்குத் தோன்றவில்லை. அதுதான் எனக்கு வலித்தது.

திங்கட்கிழமை மன்னிப்பு எழுதிக் கொடுக்கிறவர்கள் மட்டும் உள்ளே வரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் யாரும் எழுதப் போவதில்லை. வித்யாஸ்ரீயையும் கூட்டிக்கொண்டு எல்லாரும் சேர்ந்து போகிறோம். உள்ளே விட்டால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேலை பார்ப்போம். விடாவிட்டால் கடை வாசலில் உட்காருவோம். பீமாராவ் அண்ணன் தொழிலாளர் ஆபீசில் மனு கொடுத்துவிட்டார். பயமாக இல்லையா என்றால் இருக்கிறது. இருந்தாலும் போகிறேன்.

காளை அண்ணன் இதை உங்கள் கையில் கொடுக்கும்போது திங்கட்கிழமை முடிந்துபோயிருக்கும். அதனால் இது உத்தரவு கேட்கும் கடிதம் இல்லை. உங்களுக்குத் தெரியாமல் செய்தேன் என்று இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கல்யாணமானதிலிருந்து அந்தக் கடையில் நிற்கிறேன். மழை பெய்ததா, பாப்பா சாப்பிட்டாளா, வண்டி ஓடுகிறதா என்று எல்லாம் கேட்கிறீர்கள். இதைப் படித்து முடித்ததும் கூப்பிடுங்கள். கடையில் இருந்தாலும் வாசலில் இருந்தாலும் போனை எடுப்பேன். வேலை இருக்கிறதா என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். முதலில், கால் வலிக்கிறதா என்று கேளுங்கள் மாமா.

வெயிலில் அலையாமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள்,
முத்துமீனா