அஞ்சுவுக்கு ஒரு சொல்

அமரவிளை
11 ஜூன் 2024

அன்புள்ள ராபின்சன் அவர்களுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். ஷில்லாங்கில் மழை பிடித்துக்கொண்டதாக ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் உங்கள் அம்மை சொன்னார்கள். உங்கள் நெஞ்சுச்சளிக்கு அந்த மழை ஆகாது என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இனி சொல்லவில்லை.

ஏன் கடிதம் என்று கேட்க மாட்டீர்கள். போனில் பேசினால் நீங்கள் “எப்போ இங்க வாறே?” என்பீர்கள், நான் “என் கிளினிக்கை யாரு பாப்பா?” என்பேன், யாராவது ஒருவர் வைத்துவிடுவோம். நீங்கள் அங்கே இறையியல் கல்லூரியில் கிரேக்கம் கற்பிக்கப் போன மூன்று வருடமாக இதே கதைதான். இப்போது மனைவியாக எழுதவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவளாக எழுதுகிறேன். எனக்கு உங்கள் கிரேக்கம் வேண்டும்.

இங்கே தமிழ்நாட்டு எல்லையோரம் பாறசாலையில் டயர் கடை வைத்திருக்கும் மோகனனுக்கும் அவர் மனைவி பிரசீதாவுக்கும் அஞ்சு என்று ஒரு மகள். ஆறு வயது. பள்ளிக்கூடத்தில் அவளைச் சோதித்திருக்கிறார்கள், மலையாளத்தில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை. பசு தண்ணீர் குடிக்கும் படத்தைக் காட்டியதற்கு இரண்டிலும் அவள் சொன்ன பதில் ஒன்றுதான்: “பசு வெள்ளம் குடிக்குது.” மலையாளத் தேர்வில் ‘குடிக்குது’ தவறு. தமிழ்த் தேர்வில், மலையாளத்தில் தண்ணீரைக் குறிக்கிற ‘வெள்ளம்’ தவறு. ‘பசு ஆற்று வெள்ளத்தைக் குடிப்பதாகக் கற்பனை செய்கிறாள்’ என்று வேறு எழுதியிருக்கிறார்கள். கடைசியில் மொழி வளர்ச்சிக் குறைபாடு என்று முடிவு கட்டி, சிறப்புப் பள்ளிக்கு மாற்றச் சொல்லிவிட்டார்கள்.

பிரசீதா என்னிடம் வந்து, “டீச்சரே, என் கொச்சு வீட்டில வாய மூடினதே கெடையாது. அவளுக்குப் பாஷை இல்லேன்னு எழுதித் தந்திருக்காவ” என்றாள்.

அஞ்சு மட்டுமல்ல. இந்த வருடம் என்னிடம் வந்தவர்களில் மட்டும் இப்படி ஒன்பது குழந்தைகள். திருவனந்தபுரத்தில் மேல்முறையீட்டுக் குழுவின் தலைவர் டாக்டர் லேகாவைப் பார்த்து எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஜிஜா பறயுந்நது சரியாயிரிக்காம். பட்சே, பேரு எந்தா?” என்றார். நான் சொல்வது சரியாக இருக்கலாம், ஆனால் பெயர் இல்லாத ஒன்றை அறிக்கையில் எப்படி எழுதுவது என்று அவருக்குக் கவலை.

பேச்சில் மொழிகளைக் கலப்பதற்கு ‘கோட் மிக்ஸிங்’ என்று ஏற்கெனவே ஒரு சொல் உண்டுதான். இரண்டு பாத்திரம் வைத்திருக்கிறவர் இதிலிருந்து கொஞ்சம், அதிலிருந்து கொஞ்சம் எடுப்பதற்கு அது சரி. அஞ்சுவுக்குப் பிறந்ததிலிருந்தே ஒரே பாத்திரம். அதற்கு ஆங்கிலத்தில் சொல் இல்லை. ஆகஸ்டில் குழு கூடுகிறது. ஒன்று செய்து தாருங்கள்.

இப்படிக்கு,
ஜிஜா


ஷில்லாங்
24 ஜூன் 2024

அன்புள்ள ஜிஜா,

சளி இல்லை. மழை உண்டு.

உன் கடிதத்தின் தலையில் ‘அவர்களுக்கு’ என்று பார்த்ததும் வங்கி மேலாளர் யாரோ எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். போகட்டும். நீ என்னிடம் ஒன்று கேட்டு எத்தனை காலம் ஆயிற்று! அன்று மாலையே அகராதிகளை எடுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

சொல் தயார். மிக்ஸோகிளாஸியா. கிரேக்கத்தில் ‘மிக்ஸிஸ்’ என்றால் கலப்பு, ‘கிளாஸா’ என்றால் நாக்கு, மொழி. வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். மாணவர்கள் கைதட்டினார்கள். டாக்டர் லேகாவிடம் தைரியமாகக் கொடு.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. கடைசி நோயாளி போன பிறகுதான் நீ சாப்பிடுகிறாய் என்று அம்மை எனக்கும் சொல்வதுண்டு.

அன்புடன்,
ராபின்சன்


அமரவிளை
6 ஜூலை 2024

அன்புள்ள ராபின்சனுக்கு,

கைதட்டிய உங்கள் மாணவர்களுக்கு என் வணக்கம். அந்தச் சொல் வேண்டாம்.

கோபப்படாமல் வாசியுங்கள். ‘கலப்பு’ என்றால் இங்கே தேங்காயெண்ணெய்க் கடையில் சொல்கிற கலப்பு. சுத்தமாக இருந்த எதையோ யாரோ கெடுத்துவிட்டார்கள் என்று பொருள். அஞ்சுவின் பேச்சை யாரும் கெடுக்கவில்லை. இரண்டாவது, அந்த ‘இயா’. பிரசீதாவிடம் சொல்லிப் பார்த்தேன். முகம் வெளுத்துப்போய், “அய்யோ டீச்சரே, அது நிமோனியா மாதிரியா?” என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. என் துறையில் ‘இயா’ என்று முடிகிற எதுவும் நல்ல செய்தி இல்லை. நோயில்லை என்று சொல்ல ஒரு நோயின் பெயரையா கொண்டுபோவது?

அஞ்சுவிடம் என்ன இருக்கிறது என்பதற்கு எனக்குச் சொல் வேண்டாம். அஞ்சு யார் என்பதற்கு வேண்டும்.

நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள். முதலில் எனக்கு அனுப்பியிருக்கலாம், வகுப்புக்கு அப்புறம் காட்டியிருக்கலாம். சொல் கிடைத்ததா என்று மோகனன் தினமும் வந்து கேட்கிறார். கடையைப் பூட்டிவிட்டு, கையில் கிரீஸோடு வாசலில் நின்று, “வாக்கு கிட்டியாச்சா டீச்சரே?” என்கிறார். நான் என்ன சொல்ல?

ஜிஜா


ஷில்லாங்
19 ஜூலை 2024

அன்புள்ள ஜிஜா,

இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் நீ சொன்னது சரி என்று தெரிந்துவிட்டது. அதற்கும் கொஞ்சம் கோபப்பட்டேன்.

இப்போது கேள். கிரேக்கத்தில் ‘ஹோரோஸ்’ என்று ஒரு சொல். எல்லை என்று பொருள். வயலின் மூலையில் நடுகிற எல்லைக்கல்லுக்கும் அதுதான் பெயர். அங்கே ஒரு சொல்லின் வரையறைக்கும் அதே சொல்தான்! நாமும் ‘வரையறை’ என்பதில் ஒரு கோடுதானே போடுகிறோம்? ‘ஹ’வை மட்டும் விட்டுவிடாதே. ‘ஹ’ இருந்தால் எல்லை, இல்லாவிட்டால் மலை.

‘இயா’வைத் தூக்கிப் போட்டுவிட்டேன். பல மொழி பேசுகிறவரைப் பாலிகிளாட் என்கிறோம். அது ஆளைச் சொல்கிற சொல், யாரும் அதற்கு மருந்து கொடுப்பதில்லை. ஆகவே, ஹோரோகிளாட். எல்லையின் நாக்கு உள்ளவள்.

வரையறையில் முதல் பாதியை நான் எழுதினேன்: ‘அண்டை மொழிகள் இரண்டையும் பிறந்தது முதல் ஒரே பேச்சாகப் பெற்றவர்.’ இது மட்டும் போதாது. இதோடு நிறுத்தினால், பிரிக்கத் தெரியாதவள் என்று அவர்கள் திருப்பி அடிப்பார்கள். மறுபாதியை நீதான் எழுத வேண்டும். எதிரில் இருப்பவருக்கு ஒரு மொழி மட்டும் தெரிந்தால் அஞ்சு என்ன செய்வாள்? அது எந்த அகராதியிலும் இல்லை. அந்தப் பாதி பொய்யானால் நம் சொல்லும் பொய்.

‘நம் சொல்’ என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தவில்லை.

அன்புடன்,
ராபின்சன்


அமரவிளை
14 ஆகஸ்ட் 2024

அன்புள்ள சேட்டனுக்கு,

ஜெயித்துவிட்டோம்! இதை முதலில் எழுதிவிட்டேன். இல்லாவிட்டால் நீங்கள் கடைசிப் பக்கத்தைப் புரட்டிவிட்டு வாசிப்பீர்கள்.

இனி முழுவதும் சொல்கிறேன். உங்கள் கடிதம் வந்த அன்று மறுபாதியை எழுதினேன்: ‘எதிரில் இருப்பவருக்கு ஒன்று மட்டுமே தெரியும்போது, அந்த ஒன்றில் மட்டும் பேசக்கூடியவர்.’ எழுதியபின் பயம் பிடித்துக்கொண்டது. பாறசாலையில் ஒரு மொழி மட்டும் தெரிந்த ஆளை எங்கே தேடுவது? அஞ்சு தன் வாழ்நாளில் அப்படி ஒருவரைப் பார்த்ததே இல்லை. அவளுக்கு முடியும் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது. நிச்சயம் இல்லை.

குழுவில் டாக்டர் லேகாவோடு இரண்டு பேர். ஒருவர் சென்னையிலிருந்து வந்த மனநல நிபுணர், மலையாளம் தெரியாதவர். மற்றவர் கோட்டயத்துக்காரர், குழந்தை மருத்துவர், தமிழ் தெரியாதவர். தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். நான் சொல்லையும் வரையறையையும் வாசித்தேன். “இனி ஊருக்கு ஊர் ஒரு கிரேக்கச் சொல்லோடு கிளம்பி வருவார்கள்” என்றார் சென்னைக்காரர். எனக்குக் காது சுட்டது. குழந்தையை நீங்களே கேளுங்கள் என்றேன்.

அவர் அந்தப் பசுப் படத்தையே எடுத்தார். அஞ்சு, “பசு வெள்ளம் குடிக்குது” என்றாள்.

“வெள்ளமா? எங்கேம்மா வெள்ளம்?”

அஞ்சு அவர் முகத்தையே பார்த்தாள். பின்னால் பிரசீதாவின் வளையல் சத்தம் கேட்டது. தொலைந்தோம் என்று நினைத்தேன். அப்போது அவள் படத்தின்மேல் விரலை வைத்து, சின்னக் குழந்தைக்குச் சொல்வது போல, “தண்ணி சார். பசு தண்ணி குடிக்குது” என்றாள்.

கோட்டயத்துக்காரர் முன்னால் குனிந்து, என்ன சொன்னாள் என்று மலையாளத்தில் கேட்டார்: “மோள் எந்தா பறஞ்ஞது?” அவள் அவர் பக்கம் திரும்பி, “பசு வெள்ளம் குடிக்குந்நு” என்றாள். ஒரு சொல் கூட மொழி மாறி விழவில்லை, சேட்டா. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு எங்களுக்கு அங்கே வேலையே இல்லை. வீட்டில் பசு உண்டா என்று அவர் மலையாளத்தில் கேட்டார். இவள் பதில் சொல்லிவிட்டு, சென்னைக்காரர் விழிப்பதைப் பார்த்து, “எங்க வீட்டுல பசு இருக்கான்னு கேக்காரு. இல்ல, ஆடு இருக்கு” என்று அவருக்கும் சொன்னாள். அவர் ஆட்டுக்கு என்ன பெயர் என்று கேட்டார். அதைக் கோட்டயத்துக்காரருக்கு மாற்றிச் சொன்னாள். இரண்டு டாக்டர்களும் ஆங்கிலத்தை மறந்து ஒரு ஆட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, நடுவில் ஆறு வயதுக்காரி. கடைசியில் என்னிடம் திரும்பி, “டீச்சரே, இவியளுக்கு ஒண்ணு ஒண்ணுதான் தெரியுமாக்கும். பாவம்” என்றாள்.

டாக்டர் லேகா கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுச் சிரித்தார். அறிக்கையில் அவர் கையாலேயே எழுதினார்: ‘ஹோரோகிளாட். குறைபாடு எதுவும் இல்லை.’ மற்ற எட்டுக் குழந்தைகளையும் இதே முறையில் மறுபடி சோதிக்க உத்தரவு. சென்னைக்காரர் என்னிடம் வந்து வரையறையின் நகல் ஒன்று கேட்டு வாங்கிப் போனார். நல்ல மனிதர்தான்.

வெளியே மோகனன், “எலே மக்கா!” என்று அஞ்சுவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தார். பிரசீதாவுக்குத்தான் ஒரு சந்தேகம்: “ஓரம்னு நம்ம வாக்குதானே டீச்சரே? அதுக்கு அந்த சார் எதுக்குக் கிரேக்கம் வரை போனாரு?” பதிலை நீங்கள் சொல்லுங்கள்.

அன்று நான் நேரத்துக்குச் சாப்பிட்டேன்.

அன்புடன்,
ஜிஜா


ஷில்லாங்
2 செப்டம்பர் 2024

என் அன்புள்ள ஜிஜா,

உன் கடிதத்தை நின்றுகொண்டே வாசித்தேன், நீ என்னைப் பழையபடி சேட்டன் என்று கூப்பிட்டதும் உட்காரத் தோன்றவில்லை. இந்த முறை வகுப்பில் காட்டவில்லை.

பிரசீதாவிடம் சொல்: ஓரத்துக்கும் ஹோரோஸுக்கும் சொந்தம் எதுவும் இல்லை, தற்செயல். ஆனால் அவள் கேட்டதிலிருந்து என்னாலும் பிரித்துக் கேட்க முடியவில்லை.

இதைக் கட்டுரையாக எழுது. வேரைப் பற்றிய பகுதியை நான் எழுதி அனுப்புகிறேன். இன்னொரு விஷயம். போன வாரம் வங்காளதேச எல்லை ஓரம் டாவ்கி வரை போயிருந்தேன். சந்தையில் வெற்றிலை விற்கிறவளின் மகள் இங்குள்ள காசி மொழியும் வங்காளமும் ஒரே மூச்சில் பேசினாள். அரைமணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். அவளும் ஹோரோகிளாட்தானா? எனக்குச் சோதிக்கத் தெரியாது. தெரிந்தவள் அமரவிளையில் இருக்கிறாள்.

டிசம்பரும் ஜனவரியும் எங்களுக்கு விடுமுறை. கிளினிக்கை மூடச் சொல்லவில்லை. அந்தப் பேச்சை நான் இனி எடுப்பதாக இல்லை. இந்த வேலைக்காக வர முடியுமா என்று மட்டும் கேட்கிறேன். கல்லூரி விருந்தினர் அறை காலியாக இருக்கும். வெயில் விழுகிற அறையாகப் பார்த்துச் சொல்லி வைக்கிறேன். உனக்கு எது வசதியோ அது.

அன்புடன்,
ராபின்சன்


அமரவிளை
16 நவம்பர் 2024

அன்புள்ள சேட்டனுக்கு,

கட்டுரையை ஆய்விதழில் ஏற்று, இணையத்திலும் வெளியிட்டுவிட்டார்கள்! நிறைய வெட்டினார்கள், வரையறையில் மட்டும் கை வைக்கவில்லை. முதல் பாதி உங்களுடையது, மறுபாதி என்னுடையது, நடுவில் ஒரு அரைப்புள்ளி. இரண்டு பெயரும் போட்டிருக்கிறது.

எட்டுப் பேரில் ஆறு பேருக்குக் குறைபாடு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மற்ற இரண்டு பேருக்கு உண்மையாகவே பயிற்சி வேண்டும், இப்போது என்னிடம் வருகிறார்கள். இதுவரை அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் தெரியாமல் இருந்தது. சொல் அதையும் காட்டிக் கொடுத்தது. அஞ்சு அதே பள்ளிக்கூடத்தில், அதே வகுப்பில் இருக்கிறாள். பேசுகிறாள் என்று இப்போது டீச்சர் புகார் அனுப்புகிறார்.

இன்னொன்று கேளுங்கள். இணையத்தில் கட்டுரையைப் பார்த்துவிட்டு எஸ்தோனியாவின் எல்லைக் கிராமத்திலிருந்து ஒரு ஆசிரியை எழுதியிருக்கிறார், தன் மகனும் அப்படித்தான் என்று. நம் சொல்லை அவர் பிழையாக எழுதியிருந்தார், ஒரு எழுத்துக் கூடுதல். எனக்கு அவ்வளவு சந்தோஷம்! முன்பின் தெரியாத ஒருத்தி அவசரத்தில் தப்பாக எழுதுகிற அளவுக்கு அது அவள் சொல்லாகிவிட்டதே. இனி அது பிழைத்துக்கொள்ளும்.

கிளினிக்கை இரண்டு மாதம் பிஜி பார்த்துக்கொள்வாள். என்னிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்தவள், என்னைவிடப் பொறுமை அதிகம். டிசம்பர் முதல் வாரம் குவாஹாட்டி ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். உங்கள் அம்மை ஒரு சாக்கு நிறைய ஏதேதோ கட்டி வைத்திருக்கிறார்கள். டாவ்கியில் அந்தப் பெண்ணின் அம்மாவிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

விருந்தினர் அறைக்குச் சொல்லி வைக்க வேண்டாம்.

வாறேன்.

உங்கள்,
ஜிஜா